டோக்கன் எண் கட்டாயம்

"சிஸ்டம் ஓடல" என்று யாராவது போனில் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். எது ஓடவில்லை? கணினியே ஆன் ஆகவில்லையா, திரையில் எழுத்து தெரியவில்லையா, பிரிண்டரில் தாள் தீர்ந்துபோச்சா? சொல்ல மாட்டார்கள். அச்சகமோ பட்டாசு கம்பெனியோ, சிவகாசிக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வார்த்தைதான். கூடவே, "சின்ன வேலதான் மேடம், ஒரு தட்டு தட்டுனா சரியாயிரும்" என்று எனக்கு ஆறுதல் வேறு. தட்டத் தெரிந்தால் நீங்களே தட்டியிருக்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போகும். சில நேரம் திரும்பிப் போகாமல் வெளியேயும் வந்திருக்கிறது. என் வாய்க்குப் பயந்தே இரண்டு கம்பெனிக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

நான் விருதுநகரில், சூலக்கரைப் பக்கம் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவள். காலண்டர் அச்சகங்களுக்கு ஆர்டர் கணக்கு, பட்டாசு கம்பெனிகளுக்கு வருகைப்பதிவு, லாரி லோடு விவரம், இப்படி ஏதாவது. என் அண்ணன்மார் ஊரில் இன்னும் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறார்கள். படித்த படிப்புக்கு ஏசி ரூமில் உட்காராமல் ஸ்கூட்டரில் வெயிலில் அலைகிறேன் என்று அவர்களுக்கு என்மேல் ஒரு கேலி. "எங்க கூட களை எடுக்க வந்திருந்தாலும் இதே கறுப்புத்தான் கறுத்துருப்ப" என்பார் மூத்தவர். அவர் சொல்வதும் சரிதான்.

சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் ஒரு பட்டாசு கம்பெனிக்கு வருகைப்பதிவு செய்து கொடுத்திருந்தேன். காலையில் வேலைக்கு வருகிறவர்கள் கேட்டில் செல்போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் தங்கள் டோக்கன் எண்ணைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு யாருக்கு எந்த ரூம் என்பதைப் போர்மேன் பக்கத்தில் நின்று சொல்வார். கேட் ஆபீசில் இருக்கும் பெண் அதைக் கணினியில் ஏற்றுவாள்; எண்ணைப் போட்டால் அதற்குரிய பெயர் தானே வந்துவிடும். பட்டாசு கம்பெனி என்றால் ஒரே பெரிய கட்டிடம் கிடையாது. தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ரூம்கள், இடையில் வேப்பமரங்கள், வாசலுக்கு வாசல் தண்ணீர்த் தொட்டி. ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பதால், ஐந்தாவது ஆளை ஏற்றினால் என் திரை ஏற்காது. டோக்கன் எண் போடாமல் வெறும் பெயரைப் போட்டாலும் ஏற்காது. "டோக்கன் எண் கட்டாயம்" என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும். அந்த வரியை எழுதியவள் நான்தான்.

ஆளின் போட்டோவையும் சேர்க்கலாம் என்று அப்போதே முதலாளியிடம் சொன்னேன். "சீசன் நேரத்துல ஒவ்வொருத்தி மூஞ்சியையும் பாத்துக்கிட்டு நின்னா கேட்டுல கூட்டம் கட்டிரும் மேடம். டோக்கன் இருந்தா போதும்" என்றார். முதலாளிகள் போதும் என்றால் போதும். நான் விட்டுவிட்டேன்.

கம்பெனியை அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து நடத்திவந்தார்கள். அந்த வருஷம் பங்கு பிரிந்தார்கள். அண்ணனுக்கு டவுனில் இருந்த அச்சகம், தம்பிக்குப் பட்டாசு கம்பெனி. பேச்சுவார்த்தை சுமுகமாகத்தான் முடிந்தது என்று ஊருக்குச் சொன்னார்கள். ஆனால் கேட் ஆபீஸ் சீலிங் ஃபேன் யார் பங்கு என்பதில் ஒரு வாரம் பேச்சு நின்றுபோனது எனக்குத் தெரியும். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அன்றைக்கு நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருந்தேன். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. அச்சு இயந்திரங்கள் போடும் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. முதலில் ஒருவருக்கு போன் வந்தது. அவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவருக்கு. பிறகு எல்லோருக்கும். எங்கள் பக்கத்தில் என்ன ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை, "எங்கன?", அதாவது எங்கே வெடித்தது என்பதுதான் முதல் கேள்வி. மிஷினை நிறுத்திவிட்டு ஆளாளுக்கு "எங்கன? எங்கன?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது என் போனும் அடித்தது. அந்தப் பட்டாசு கம்பெனி முதலாளி, தம்பிக்காரர்.

"சிஸ்டம் ஓடல மேடம்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் குரல் அவர் குரலாகவே இல்லை.

"ஒரு ரூம் வெடிச்சுப் போயிருச்சு. யாரு உள்ள இருந்தான்னு லிஸ்டு கேக்காக. போர்மேன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாக, அவரு பேச்சு மூச்சு இல்லாம இருக்காரு. சீக்கிரம் வாங்க" என்றார்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் என்னை முந்திக்கொண்டு ஆட்டோக்களும் ஷேர் வேன்களும் போயின. ஒவ்வொன்றிலும் பெண்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். எனக்குத் தெரிந்தவர் யாரும் அந்தக் கம்பெனியில் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வண்டியிலும் தெரிந்த முகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

கேட்டுக்கு வெளியே நல்ல கூட்டம். போலீஸ் கயிறு கட்டியிருந்தார்கள். பெயரைச் சொன்னதும் உள்ளே விட்டார்கள். வாட்ச்மேன் குறுக்கே வந்தார். "போனக் குடுத்துட்டுப் போங்க" என்றார். அவர் கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. இனி இங்கே வெடிக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அத்தனை வருஷம் எல்லோரிடமும் சொல்லிப் பழகியதை அவர் சொன்னார். நானும் பழக்கப்படி எடுத்துக் கொடுத்தேன். அவருக்குப் பின்னால் சுவரில் மரத்தடுப்புப் போட்ட பெட்டி. ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு போன். பாதிக்கு மேல் வெளிச்சம் போட்டு அடித்துக்கொண்டிருந்தன.

யார் பிழைத்தார், யார் பிழைக்கவில்லை என்பதை எண்ணிப் பார்த்துச் சொல்ல முடியாத நிலைமை. சத்தம் கேட்டதும் ஆட்கள் கேட்டுக்கு ஓடி வரமாட்டார்கள். அடுத்த ரூம் எப்போது வெடிக்குமோ என்று, கிடைத்த திசையில் வேலியைத் தாண்டி, முள்ளுக்குள் விழுந்து ஓடுவார்கள். சிலர் நேரே ஊருக்கே நடந்துவிடுவார்கள். போனும் கேட்டில்தான் இருக்கும். அதனால் கேட்டில் ஆள் இல்லை என்றால் உள்ளேயே செத்துப்போய்விட்டாள் என்றும் அர்த்தம் உண்டு, கருவேலங்காட்டுக்குள் எங்காவது மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றும் அர்த்தம் உண்டு. அந்த ஒரு ரூமில் இருந்தவர்கள் யாரும் உயிரோடு வெளியே வரவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முகம் பார்த்து அடையாளம் சொல்லும்படி இல்லை என்றார்கள். காலையில் யாரை எந்த ரூமில் உட்காரவைத்தார் என்பது போர்மேனுக்குத் தெரியும். அவரை விட்டால் என் கணினிக்குத் தெரியும்.

கேட் ஆபீஸ் ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு கணினி, ரோட்டைப் பார்த்து ஒரு ஜன்னல். பதிவு ஏற்றும் பெண் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். காலையில் எல்லாரையும் ஏற்றியது தான்தான் என்றும், யார் எங்கே என்று ஒருத்தர்கூட ஞாபகம் வரவில்லை என்றும் திரும்பத் திரும்பச் சொன்னாள். சீசனில் அத்தனை கூட்டத்தை வேகவேகமாக ஏற்றுகிறவளுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? அவள் தோளைத் தொட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். வருவாய்த் துறையிலிருந்து வந்திருந்த அதிகாரி கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலாளி எதிரில் நின்றார். இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

சத்தம் கேட்டதுமே யாரோ ஓடிப்போய் மெயினை இறக்கியிருந்தார்கள். அதுதான் அங்கே முறை, இடி இடித்தாலும் அதைத்தான் செய்வார்கள். பிறகு ஜெனரேட்டரை ஓட்டிக் கணினியை ஆன் செய்திருக்கிறார்கள். என் வருகைப்பதிவின் முதல் பக்கம் வந்தது. நாள், கம்பெனியின் பெயர், நான் போட்ட நீலப் பட்டை எல்லாம் வந்தன. உள்ளே போகப் பொத்தானை அழுத்தினால் நெடுநேரம் சுற்றிவிட்டு, தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை என்று நின்றது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் பார்க்கும் திரை கடையின் முன்பக்கம் மாதிரி. சரக்கு பின்னால் குடோனில் இருக்கும். அந்தக் குடோன்தான் தரவுத்தளம், அதைக் காக்கிற சர்வர் தனி நிரல். இரண்டும் அந்த ஒரே கணினிக்குள்தான் இருந்தன. ஆனாலும் முன்னால் இருப்பது பின்னால் இருப்பதைக் கூப்பிட்டு, அது பதில் சொன்னால்தான் பெயர்கள் வரும். அன்றைக்குக் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

"நின்னுபோச்சா, அழிஞ்சே போச்சா?" என்றார் முதலாளி.

"பாக்கணும் அண்ணாச்சி" என்றேன்.

எனக்கும் அதுதான் பயம். ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மின்சாரம் போனால், பாதி எழுதிய தரவு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. அதற்காகத்தான் கணினிக்குக் கீழே ஒரு யூபிஎஸ் வைக்கச் சொல்லியிருந்தேன். குனிந்து பார்த்தேன். யூபிஎஸ் இருந்த இடத்தில் தூசியில் ஒரு சதுரம் இருந்தது.

"யூபிஎஸ் எங்க?"

"அது அண்ணன் பங்குக்குப் போயிருச்சு மேடம்" என்றார்.

அடக்கிக்கொண்டேன். சர்வர் நிரல் ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடுகிறது என்று காட்டியது. நம்பாமல் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினேன். கிளம்பியது. வருகைப்பதிவைத் திறந்தேன், பழைய பல்லவி. எதையாவது தேடிப் படிக்கலாம் என்றால் போன் வாட்ச்மேனிடம். அங்கே இணையமும் போயிருந்தது. தலைக்குள் இருப்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். தலைக்குள் அந்த நேரம் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்பதைக் கவனித்தேன். முப்பது வயது இருக்கலாம். தலை கலைந்து, செருப்பில்லாமல் வந்திருந்தாள். மற்றவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் அழுதுகொண்டிருக்க, இவள் மட்டும் சுவரை ஒட்டிச் சுற்றி ஜன்னலுக்கு வந்திருந்தாள்.

"அக்கா" என்றாள் மெதுவாக. "டோக்கன் நூத்திப்பதினேழு எந்த ரூமுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கக்கா."

"இன்னும் திறக்கல தாயி. திறந்ததும் சொல்றேன். யாரு டோக்கன் அது?"

"என் டோக்கன்."

எனக்குப் புரியவில்லை. "நீங்கதான் வெளிய நிக்கீகளே" என்றேன்.

அவள் உள்ளே நின்ற முதலாளியை ஒரு தரம் பார்த்துவிட்டு, வாயைக் கம்பியோடு ஒட்டிவைத்துச் சொன்னாள். "நான் இன்னைக்கு வரலக்கா. புள்ளைக்குக் காய்ச்ச. ஒரு நா ஆப்சென்ட் ஆனாலும் என் எடத்துல வேற ஆள உக்காத்திருவாக. அதான் எந் தங்கச்சிய அனுப்புனேன். என் டோக்கனச் சொல்லித்தான் உள்ள போயிருக்கா. இதுக்கு முன்ன ரெண்டு தரம் போயிருக்கா, யாரும் கேட்டதில்ல."

அங்கே அது எல்லோரும் செய்கிற காரியம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சீசனில் வேலை கிடைத்தால் அதை விடக் கூடாது. உடம்பு சரியில்லை, வீட்டில் விசேஷம் என்றால் தங்கையோ நாத்தனாரோ டோக்கனைச் சொல்லி உள்ளே போய்விடுவாள். கைவேலை எல்லோருக்கும் தெரியும். போர்மேனும் கண்டுகொள்ள மாட்டார், அவருக்கு வேலை நடந்தால் சரி. என் கணினிக்கும் எண் வந்தால் சரி.

"யார்ட்டயும் சொல்லிராதீகக்கா" என்றாள். "அவ ஓடித்தான் இருப்பா. நல்லா ஓடுவா. ரூமு மட்டும் வேறன்னு தெரிஞ்சிருச்சுன்னா எனக்கு உசுரு வந்துரும்."

அதற்குப் பிறகு எனக்கு அதிகாரியும் தெரியவில்லை, முதலாளியும் தெரியவில்லை. அந்த எண் எந்த ரூம் என்று பார்த்துவிட வேண்டும், அது வேறு ரூமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் மனசில் இருந்தது. விரல் தப்புத் தப்பாக விழுந்தது. கடவுச்சொல் மாறியிருக்குமோ என்று பார்த்தேன், மாறவில்லை. பாதுகாப்பு அமைப்பு எதுவும் தடுக்கிறதோ என்று அதை அணைத்துப் பார்த்தேன், அதுவும் இல்லை. சர்வர் எழுதிவைக்கும் குறிப்புகளைத் திறந்து படித்தேன். மின்சாரம் போனது, திரும்ப எழுந்தது, எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டது, தயாராக இருக்கிறது என்று அதன் பாஷையில் எழுதியிருந்தது. குடோன் பத்திரமாக இருக்கிறது. காவலாளும் உட்கார்ந்திருக்கிறான். பிறகு ஏன் கூப்பிட்டால் பேச மாட்டேன் என்கிறான்?

"ஆச்சாக்கா?" என்றது ஜன்னல்.

"இரும்மா" என்றேன். எரிந்து விழுந்துவிட்டேன் போலிருக்கிறது, அவள் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

கடைசியில், வருகைப்பதிவை விட்டுவிட்டு நேராகக் குடோனுக்குள்ளேயே நுழைந்து பார்க்கலாம் என்று தோன்றியது. கறுப்புத் திரையைத் திறந்து, பெயர் எதுவும் சொல்லாமல் இதே கணினி என்று மட்டும் சொல்லி உள்ளே கேட்டேன். உடனே திறந்தது. அப்படியென்றால் கோளாறு குடோனில் இல்லை, கூப்பிடுகிற பெயரில். என் நிரல் அந்தக் கணினியை அதன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். டவுன் ஆபீசிலிருந்தும் அதே கணக்கைப் பார்க்க வேண்டும் என்று அண்ணன்காரர் கேட்டிருந்ததால் அப்படிச் செய்திருந்தேன். கணினியின் பெயரைப் பார்த்தேன். நான் வைத்த பெயர் அங்கே இல்லை.

"இது பேர யாரு மாத்துனது?" என்றேன்.

முதலாளி கணினியைப் பார்த்தார். பிறகு, "பங்கு பிரிஞ்சாச்சுல்ல மேடம். போர்டு, வேன், பில் புக்கு எல்லாத்துலயும் அண்ணன் பேர எடுத்தோம். கம்ப்யூட்டர்லயும் அவரு பேருதான் இருக்குன்னு சர்வீஸ்காரன் சொன்னான். நல்ல நாளாப் பாத்து முந்தாநேத்து மாத்தச் சொன்னேன். மாத்துனதுக்கப்புறமும் நல்லாத்தான ஓடுச்சு?" என்றார்.

ஓடியிருக்கும். கணினிக்குப் புதுப் பெயர் வைத்தாலும் ஒரு முறை அணைத்து எழுப்பினால்தான் அது ஒட்டும். சீசனில் இரவும் லோடு ஏறுவதால் கேட் கணினியை யாரும் அணைப்பதே இல்லை. வெடித்து, மெயினை இறக்கி, மறுபடி எழுப்பிய அந்த நேரத்தில்தான் அது புதுப் பெயரை எடுத்துக்கொண்டது. என் நிரல் பாவம், அண்ணன்காரர் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"உங்க பங்காளிச் சண்டைய நீங்க உங்க வீட்டோட வச்சிக்கிருக்கக் கூடாதா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன். அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார் என்பதை அப்போதுதான் பார்த்தேன். ஆனாலும் கேட்டதற்காக எனக்கு வருத்தம் இல்லை.

ஒரே ஒரு வரிதான் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினேன். வருகைப்பதிவு திறந்தது. அன்றைய பட்டியல் முழுசாக இருந்தது, ஒரு பெயரும் கெடவில்லை. போன ரூமின் எண்ணைப் போட்டுத் தேடினேன். நாலு பெயர் வந்தன. மூன்றாவது வரியில் நூற்றிப்பதினேழு.

நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். முதலில் அவளைத் தனியாக உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் அதிகாரி, "பிரிண்டு குடுங்கம்மா, வெளிய சனம் தவிச்சுக்கிட்டு நிக்குது" என்றார். அவர் அவசரமும் நியாயம்தான். தாள் வந்தது. அவர் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நானும் பின்னாலேயே ஓடினேன். அவள் ஜன்னலில் இல்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்க் கூட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அதிகாரி முதல் பெயரை வாசித்தார். கூட்டத்தில் ஒரு பக்கம் அலறல் எழுந்தது. இரண்டாவது பெயர், இன்னொரு பக்கம். மூன்றாவதாக அவள் பெயரை வாசித்தார்.

யாரும் அழவில்லை. அவள் ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பெரிய பொம்பளை, "அடி ஆத்தி, இவ இங்கனல்ல நிக்கா!" என்று கத்தி அவளை அப்படியே கட்டிக்கொண்டாள். "ஏலே, இந்தா நிக்காலே, உசுரோட நிக்கா!" என்று பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். ஆளாளுக்கு வந்து அவளைத் தொட்டுப் பார்த்தார்கள். கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். இன்னைக்கு நீ வேலைக்கு வராதது அந்த மாரியம்மா செஞ்ச புண்ணியம் என்றாள் ஒருத்தி. சாவு விழுந்த அந்த இடத்தில் அவளைச் சுற்றி மட்டும் ஒரு பத்துப் பேர் சந்தோஷப்பட்டார்கள். அவள் அவர்கள் கைகளுக்கு நடுவில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இல்லை என்று தலையாட்டுவேன் என்று எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன். நான் ஆட்டவில்லை.

"நான் இல்ல" என்றாள் அவள். கட்டிப்பிடித்தவளுக்குக் கேட்கவில்லை. "நான் இல்ல அத்தே, உள்ள இருக்கது எந் தங்கச்சி" என்றாள் இன்னொரு தரம். அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அதிகாரி அவளைக் கைத்தாங்கலாகக் கேட் ஆபீசுக்குள் கூட்டிவரச் சொன்னார். அவர் நல்ல மனிதர். எதையும் மறைக்கச் சொல்லவில்லை, இப்படிச் செய்யலாமா என்று அவளைத் திட்டவும் இல்லை. உள்ளே இருந்தது யாரோ அவர் பெயரில்தான் ஆஸ்பத்திரியில் எல்லாம் நடக்க வேண்டும், லிஸ்டைத் திருத்திக் கொடுங்கள் என்றார். முதலாளி ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

அவள் தங்கையின் பெயரைச் சொன்னாள். நான் தட்டினேன். ரூம் எண்ணைப் போட்டுச் சேர்க்கும் பொத்தானை அழுத்தினேன். "டோக்கன் எண் கட்டாயம்" என்று சிவப்பில் வந்தது.

அந்த வரியை எழுதிய நாளில், ஒரு தப்பும் நடக்காமல் பூட்டுப் போட்டுவிட்டேன் என்று பெருமையாக இருந்தது. இப்போது அதுவே குறுக்கே நின்றது. நிரலைத் திறந்து அந்தக் கட்டளையை மொத்தமாக எடுத்துப் போட்டேன். மறுபடி அழுத்தினேன். இந்த முறை நாலு பேருக்கு மேல் சேர்க்க முடியாது என்று வந்தது. நூற்றிப்பதினேழில் இவள் பெயர் அந்த ரூமில் இன்னும் இருந்தது.

என் கை நின்றதை அவள் பார்த்தாள். "என்னக்கா?" என்றாள்.

"உங்க பேர் அந்த ரூம்ல இருக்கு தாயி. அத எடுத்தாத்தான் தங்கச்சி பேரு ஏறும்."

அவள் திரையைப் பார்த்தாள். படிக்கத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஆப்சென்ட் போட்டுருங்கக்கா" என்றாள்.

போட்டேன்.